ஏழுவாசலில் நகர்ந்த சுவர்

கடலிலிருந்து தோணிப்பட்டினத்தைப் பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது பள்ளிவாசல் மினாராவும் இல்லை, கலங்கரை விளக்கமும் இல்லை, ஏழுவாசல்தான். ஏழு வாசல், ஏழு வீடு, ஆனால் ஒரே நெற்றி, ஒரே கூரை, முதல் வீட்டு மாடியில் புறப்பட்டு ஏழாம் வீட்டு மாடியில் போய்த்தான் மூச்சு விடுகிற ஒரே கைப்பிடிச்சுவர், அந்தச் சுவர் நெடுகச் சுண்ணாம்பில் வார்த்த அலைகள், ஒரு அலையின் வால் அடுத்த அலையின் தலையைத் தொட்டுக்கொண்டு, எந்த வீடு எங்கே முடிகிறது என்று சொல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். கிட்டே வந்தால்தான் பிரிவு தெரியும்: வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவரோடு ஒட்டிய ஓர் அரைத்தூண், ஒவ்வொரு கதவுக்கும் இருபுறமும் ஜன்னல், கதவுக்கு மேலே பிறை வடிவத்தில் சிவப்பும் நீலமுமாய்க் கண்ணாடி, மாடியில் கடற்காற்றுக்குத் தடதடக்கும் பச்சைப் பலகைக் கதவுகள். கட்டியவர் சேகுனா மரைக்காயர். கப்பல் வைத்திருந்தவர், ஆண்பிள்ளை இல்லாதவர், ஏழு பெண்களைப் பெற்றவர்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை என்பவன் ஒரு பெட்டியோடு வந்து குடியேறுகிறவன். வீடில்லாத பெண்ணுக்கு அழகிருந்தாலும் அறிவிருந்தாலும் நிக்காஹ் இல்லை. இதை நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை, வழக்கம் என்கிறேன். அதனால் மரைக்காயர் கடலிலிருந்து பாறை அறுத்து வந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, ஏழு பெண்களுக்கும் ஏழு வீட்டை ஒரே அகலத்தில் கட்டினார். ஒருத்திக்கு ஒரு விரல் கூடினாலும் மற்ற ஆறு பேரும் என்னைக் கபுரில் நிம்மதியாய்ப் படுக்க விடமாட்டார்கள் என்று கொத்தனாரிடம் சொன்னாராம். தரையை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டார். மூன்றாமவள் சிவப்புத் தரை கேட்டாள், நான்காமவள் பச்சைப் பூக்கல் கேட்டாள், இப்படி வீட்டுக்கு ஒரு நிறம்.

தன் பெண்கள் தெருவில் நடக்கக்கூடாது, ஆனால் ஒருவரையொருவர் பார்க்காமல் ஏங்கவும் கூடாது என்று நடுச்சுவர் ஒவ்வொன்றிலும் ஓர் இடைவாசல் வைத்தார். முதல் வீட்டில் நுழைந்த பெண், வெயில் முகத்தில் படாமல், ஏழாம் வீட்டு அடுப்படியில் போய் உட்காரலாம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இடைவாசல் வழியாக நல்லதுதான் போக வேண்டும். குறை, கோள், வழக்கு எதுவானாலும் முன்வாசலுக்கு வெளியே, கடற்கரைத் தெருவில் நின்று, ஆண்கள் பேசிக்கொள்ளட்டும். மனுஷர் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார், ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். ஏழுவாசல் ஆண்கள் எல்லோரும் கொழும்பிலும் பினாங்கிலும் இருந்தார்கள்; வருஷத்துக்கு ஒருமுறை வந்து பிரியாணி தின்றுவிட்டுப் போகிறவனிடம் எந்தப் பெண் வழக்கைச் சொல்லுவாள்? ஆகவே நூறு வருஷத்துக்கும் மேலாக ஏழுவாசலில் சண்டை என்பதே கிடையாது. ஊரில் பெண்பிள்ளைகளை அதட்டும்போது ஏழுவாசலைப் பார்த்துக் கற்றுக்கொள் என்பார்கள்.

மூன்றாம் வீட்டுக்கும் நான்காம் வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் நகர ஆரம்பித்தது ஓர் ஆடிக்காற்றுக் காலத்தில். நான்காம் வீட்டில் செய்தம்மாளும் அவள் ஒரே மகள் சுலைஹாவும் இருந்தார்கள். செய்தம்மாளின் கணவர் பினாங்கிலேயே மௌத்தாகி அங்கேயே அடக்கமாகியிருந்தார். ஒருநாள் காலை, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே வைத்திருந்த தண்ணீர்ச் செம்பு நசுங்கிக் கிடந்ததைப் பார்த்த செய்தம்மாள், தான்தான் எசகுபிசகாக வைத்துவிட்டோம் என்று செம்பைத் தட்டி நிமிர்த்தி, கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதே காலை, மூன்றாம் வீட்டில் முத்துநாச்சியா கூடம் பெருக்கிக்கொண்டு வந்தவள், தன் சிவப்புத் தரையின் ஓரத்தில், சுவரடியில், பாவாடைக் கரைபோல ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்தாள். குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். பூக்கல்தான். ஒரு பாயை எடுத்து அதன்மேல் விரித்தாள்.

பாய்க்கு வெளியே பச்சை வந்தபோது இரண்டாவது பாய் விரித்தாள். மூன்றாவது பாய் அவளிடம் இல்லை.

அதன் பிறகு ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? கொத்தனார் அருளப்பன் வந்து தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, “சுவர்ல ஒரு கோணலும் இல்லைங்க, நேராத்தான் நிக்குது, நேராத்தான் நடக்குது” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். நகராட்சி ஓவர்சியர் வந்து வெளியே நாடா பிடித்தார். வெளியே ஓர் இம்மி மாறவில்லை. அரைத்தூண்கள் வைத்த இடத்திலேயே இருந்தன, சுண்ணாம்பு அலைகள் போட்டபடியே ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நடப்பது குடும்ப விவகாரம் என்று அவர் சைக்கிளில் ஏறினார். மீனவர்கள் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள், மணல்திட்டு நகருது, முகத்துவாரம் நகருது, சுவர் நகர்ந்தால் மட்டும் குடி முழுகிப்போச்சா? ஜமாஅத்தில் பெரியவர்கள் ஓதச் சொன்னார்கள், ஓதினார்கள், சுவர் மரியாதையாக நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அடுத்த வாரம் கரையில் சாளை மீன் குவிந்ததும் ஊர் சுவரை மறந்துபோனது.

மறக்க முடியாதவர்கள் இரண்டு வீட்டார்தான். நான்காம் வீட்டுப் பின்சுவரில் ஒரு சுவரலமாரி இருந்தது. நகர்ந்து வந்த சுவர் அதையும் தாண்டியபோது, அலமாரி சாமானோடு சேர்ந்து முத்துநாச்சியா வீட்டுக்குப் போய்விட்டது. சுர்மா டப்பி, பினாங்குப் பீங்கான் கோப்பைகள், மௌத்தானவரின் மூக்குக்கண்ணாடி. முத்துநாச்சியா ஒன்றையும் தொட்டு வைத்துக்கொள்கிறவள் இல்லை. எல்லாவற்றையும் துடைத்து ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, வெறும் சாமானாக அனுப்பக் கூடாதே என்று ஒரு கிண்ணத்தில் வட்டலப்பமும் வைத்து, பூத்துணி போட்டு மூடி, இடைவாசலில் வந்து நின்று, தனக்கு அக்கா முறையான செய்தம்மாளைக் கூப்பிட்டாள்.

“லாத்தா, இது உங்க சாமான். எங்க பக்கம் வந்து கெடந்துச்சு.”

“அப்படியாம்மா? எங்கயோ வச்சிட்டேன்னு தேடிக்கிட்டிருந்தேன்” என்றாள் செய்தம்மாள்.

மறுநாள் தாம்பாளம் பணியாரத்தோடு திரும்பிப் போனது. அதற்கப்புறம் முன்பக்க ஜன்னல் ஒன்று அந்தப் பக்கம் போயிற்று. முத்துநாச்சியா அந்த ஜன்னலைத் திறக்கவே இல்லை, அது அவளுடையது இல்லையே. ஆனால் அந்த ஜன்னலடியில் தன் மூத்த மகளின் தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டாள். அவளுக்கு இரண்டு பெண்கள், ஒரு வீடு. வீட்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் ஆளுக்கு ஒரு சந்துதான் மிஞ்சும், சந்துக்கு எந்த மாப்பிள்ளை வருவான் என்று தொழுகைப் பாயில் அழுதுகொண்டிருந்தவள் அவள். இப்போது சிவப்பும் பச்சையுமாகத் தரை விரிந்துகொண்டே வந்தது. அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும்.

சுலைஹாவுக்கு மட்டும் இந்த மரியாதை எல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பின்பக்கத்து முடுக்குச் சந்து வழியாகவே போய்வந்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள், பிள்ளைகளிடம் கத்திக் கத்திக் குரல் தடித்தவள். ஆடியில் அவள் கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கமும் காற்றுதான் இருந்தது. ஐப்பசியில் இரண்டு உள்ளங்கையும் இரண்டு சுவரிலும் பட்டன.

“உம்மா, வாங்க போய்க் கேப்போம். உங்க செவுரு எங்க பக்கம் வந்திருக்கு, ஏதாவது செய்ங்கன்னு கேப்போம்.”

“இடைவாசல்ல குறை பேசக்கூடாது புள்ளே.”

“அப்ப தெருவுல நின்னு பேசுவோம்.”

“தெருவுல பொம்பள பேசக்கூடாது.”

“அப்ப எங்கதாம்மா பேசுறது?”

செய்தம்மாள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். “துஆவுல அல்லாகிட்ட பேசு” என்றாள்.

சுலைஹா விடவில்லை. முதல் வீட்டிலிருந்த மஹ்மூது லெப்பையிடம் போனாள். ஏழுவாசலில் அப்போது ஊரில் இருந்த ஒரே ஆண் அவர்தான், கொழும்பில் கடையைக் கட்டிவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் கிடந்தவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். “நான் தெருவுல போய் நின்னு ஒரு வீட்டுக்காகப் பேசுனா இன்னொரு வீட்டுக்கு எதிரியாயிருவேம்மா. நூறு வருஷம் இல்லாத சண்டைய என் கையாலயா தொடங்கணும்? பொறுத்துக்கோ. போன செவுரு வராமலா போயிரும்?” என்றார். ஊரில் எல்லோரும் அவரை நல்ல மனிதர் என்பார்கள். எனக்கும் மறுப்பில்லை, ஆனால் நல்ல மனிதர்களால் உலகத்தில் நின்றுபோன காரியங்களைக் கணக்கெடுத்தால் பெரிதாகத்தான் வரும்.

இந்த நேரம் பார்த்துத்தான் சுலைஹாவுக்கு வரன் வந்தது. அக்கரை ஊர்ப் பையன், நல்ல இடம், மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். செய்தம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. நான்காம் வீட்டில் அப்போது இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். இதை எப்படி வீடு என்று காட்டுவது?

கேட்காமலே உதவிக்கு வந்தவள் முத்துநாச்சியாதான். “நம்ம புள்ள கல்யாணம் லாத்தா. இடைவாசல் கதவக் கழட்டி மணித்திரை போட்டுருவோம். எங்க கூடமும் உங்க கூடமும் சேந்து ஒரே வூடா தெரியும். நானும் என் புள்ளைங்களும் அன்னைக்கு ரெண்டாம் வூட்ல போயி இருந்துக்கிறோம்.” தன் கூடத்தைத் தானே மெழுகித் துடைத்தாள், மாடியில் கடல் பார்த்த அறைக்குப் புதுத் திரை தைத்துப் போட்டாள், தன் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் கொடுத்தாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை அவளும் பேசவில்லை, செய்தம்மாளும் பேசவில்லை. இப்படி ஓர் உதவியும் இப்படி ஒரு மௌனமும் ஒரே ஆளிடமிருந்து வருவது ஏழுவாசலில் மட்டுந்தான் நடக்கும்.

மாப்பிள்ளையின் உம்மா வந்தாள், பச்சையிலிருந்து சிவப்புக்கு நடந்தாள், சிவப்பிலிருந்து மாடிக்கு ஏறினாள், கடலைப் பார்த்தாள். “ரெட்டைக் கூடமா! மாஷா அல்லாஹ், இவ்வளவு அகலமான வூட நான் எங்க ஊர்லயே பாத்ததில்ல. மணவறை இந்த மாடி அறையிலதான் வைக்கணும்” என்று முத்துநாச்சியாவின் மாடி அறைக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். தேதியும் குறித்தார்கள். சுலைஹா தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றவள், வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனாள். உம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அவர்கள் போன அன்று சாயங்காலமே கதவை மறுபடி மாட்டினார்கள். “கல்யாணத்தன்னைக்கும் ஒரு நாளு எங்க மாடிய எடுத்துக்குங்க லாத்தா” என்றாள் முத்துநாச்சியா. ஒரு நாள். அதற்கு மறுநாள் மாப்பிள்ளை எங்கே படுப்பான் என்ற கேள்வி இரண்டு பெண்களின் நடுவிலும் நின்றது, இருவரும் அதற்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

கல்யாணம் நெருங்க நெருங்கச் சுவரும் அவசரப்பட்டது. கட்டிலைப் பிரித்து, கீழே போலவே ஒடுங்கிக் கிடந்த மாடியில் நிறுத்தி வைத்தார்கள். அரிசிப் பானையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உம்மாவும் மகளும் நீளவாக்கில் ஒருவர் காலடியில் ஒருவர் படுத்தார்கள். முற்றத்தில் விழுந்துகொண்டிருந்த வெயில் ஒரு சட்டமாகி, பிறகு ஒரு கம்பாகிவிட்டது. முழங்கை இடித்து இடித்துச் சுலைஹாவின் இரண்டு கையிலும் தோல் உரிந்திருந்தது, மருதாணி இட வந்த பெண் புண்ணைச் சுற்றி இட்டுவிட்டுப் போனாள். ராத்திரிகளில் சுவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கல்யாணத்தன்று சாயங்காலம், அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மதியம் லுஹர் தொழுகை முடிந்து, சுலைஹா பட்டு உடுத்திப் பூ வைத்து முன்கூடத்தில் நின்றாள், உட்கார இடமில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டுகளோடு கடற்கரைத் தெருவின் திருப்பத்துக்கு வந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். செய்தம்மாள் தொழுகைப் பாயை மடித்து வைக்க உள்ளறைக்குப் போனாள். போனவள் வரவில்லை.

“உம்மா?”

“இங்கதான் இருக்கேன் புள்ளே. திரும்ப முடியல.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நெஞ்சுல கொஞ்சம் பட்டுக்கிட்டிருக்கு. பதறாதே. மெதுவா யாரையாவது கூப்பிடு, சத்தம் போடாதே, சம்பந்தி வூட்டுக்காரங்க வர்ற நேரம்.”

சுலைஹா எட்டிப் பார்த்தாள். உம்மாவின் நெஞ்சில் ஒரு சுவர், முதுகில் ஒரு சுவர், நடுவில் மூச்சு விடுவதற்கு மட்டும் கொஞ்சம் இடம். கையைப் பிடித்து இழுத்தாள், உம்மா அசையவில்லை. இடைவாசலுக்கு ஓடினாள். மரைக்காயர் காலத்திலிருந்து அந்தக் கதவு நான்காம் வீட்டுப் பக்கமாகத்தான் திறக்கும். திறப்பதற்கு அங்கே இடம் வேண்டும், இப்போது இடமில்லை, கதவு ஒரு விரல் திறந்து எதிர்ச் சுவரில் முட்டி நின்றது. அந்த இடுக்கில் முத்துநாச்சியா கூடத்தில் இவள் கல்யாணத்துக்குக் கூடியிருந்தவர்களின் சிரிப்பும் பேச்சும் கேட்டன. இவள் தட்டியது அவர்களுக்குக் கேட்கவில்லை. பின்பக்கத்து முடுக்குக்குப் போகிற வழி உள்ளறையைத் தாண்டித்தான். மிச்சமிருந்தது, சுவர் ஏனோ விழுங்காமல் விட்ட முன்வாசல் ஒன்று.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அதைத் தாண்டியதோடு சரி. தாழ்ப்பாள் உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அடித்துத் திறந்து, பட்டும் பூவுமாய், தலையில் துணியை இழுத்து விட்டுக்கொண்டு கடற்கரைத் தெருவின் நடுவில் போய் நின்று, ஏழுவாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெளியிலிருந்து அவள் வீடு எத்தனை அகலமாக இருந்தது! கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஜன்னல், அந்தப் பக்கம் ஒரு ஜன்னல், மேலே ஒரு குறையுமில்லாமல் அலை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபம் பயத்தை எல்லாம் தின்றுவிட்டது.

“முத்துநாச்சியா சாச்சீ! உங்க வூட்டுச் செவுரு எங்க வூட்டுக்குள்ள வந்திருச்சு. எங்க உம்மா நெஞ்சுல நிக்குது. எங்க வூட்ட எங்களுக்குத் தாங்க!”

வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சீர்த்தட்டு ஊர்வலம் அப்படியே நின்றது. மஹ்மூது லெப்பை கைத்தடியோடு வெளியே வந்து பதறினார்.

“என்னம்மா இது, கல்யாணப் பொண்ணு! எதுவானாலும் பேசிக்கலாம், மொதல்ல உள்ள போ.”

“உள்ள எடமில்ல, பெரியவாப்பா” என்றாள் சுலைஹா.

  அந்த நேரத்தில் மூன்றாம் வீட்டு முன்வாசல், அதுவும் யுகக்கணக்காய் மூடிக் கிடந்தது, கிறீச்சிட்டுக்கொண்டு திறந்தது. முத்துநாச்சியா வெளியே வந்து வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தாள். அவள் முகம் சிவந்து கிடந்தது.

“நான் கேட்டேனாடி? செவுர நான் தள்ளுனேனா? அதுவா வந்துச்சு, அதுவா தந்துச்சு!”

“வந்தப்ப எதுக்குப் பாய் போட்டு மூடுனீங்க?”

“எனக்கு ரெண்டு பொண்ணுடி! ஒரு வூட்ட வச்சிக்கிட்டு ரெண்டு பொண்ண நான் எங்கடி கொண்டு போடுவேன், கடல்லயா?”

“அத எங்க உம்மாகிட்ட வந்து கேட்டிருந்தா இல்லன்னா சொல்லியிருப்பாங்க?”

“கேக்குறதுக்கு வாய் வரணுமே! நீங்க மட்டும் கேட்டீங்களா? உங்க உம்மா பணியாரம் குடுத்தனுப்புனாங்க! ஒருநாளு, ஒரே ஒரு நாளு, முத்துநாச்சியா இது நல்லாயில்லன்னு சொல்லியிருந்தா நான் செத்தா போயிருப்பேன்?”

இருவரும் பேசப் பேச உள்ளே என்ன நடந்தது என்பது தெருவில் யாருக்கும் தெரியவில்லை. திடீரென்று திறந்து கிடந்த நான்காம் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. செய்தம்மாளின் குரலை அடுத்த அறைக்கு அப்பால் கேட்டவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. அது கடல்வரைக்கும் போயிற்று.

“நிறுத்தாதீங்கடீ! செவுரு போகுது! இன்னும் சண்ட போடுங்க!”

சண்டை போட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, நூறு வருஷத்துச் சண்டை, வட்டலப்பத்திலும் பணியாரத்திலும் மூடி மூடி வைத்திருந்தது, மொத்தமாக வெளியே வந்தது. செம்பு வந்தது, ஜன்னல் வந்தது, இரவல் வாங்கின இடியாப்ப உரல் வந்தது, இவள் உம்மா அவள் உம்மாவின் மௌத்துக்கு லேட்டாக வந்த கதை வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் சுவர் ஒரு விரற்கடை பின்வாங்கியது. ஜன்னல் வீடு திரும்பியது, அலமாரி வீடு திரும்பியது, முற்றத்து வெயில் அகலமாகி விழுந்தது, பச்சைத் தரையின் கடைசி ஓரமும் வந்து சேர்ந்தபோது செய்தம்மாள் நடுக்கூடத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று அழுதாள். முத்துநாச்சியாவும் தெருவில் உட்கார்ந்து அழுதாள். தையல் மிஷின் வைக்கக்கூட இனி அவளுக்கு இடமில்லை.

மாப்பிள்ளையின் உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திறந்த வாசல் வழியாக உள்ளே ஒருமுறை பார்த்தாள். சுவர் நகர்ந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுவர் நகர்வது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். “வூடு அகலந்தான். பொண்ணோட வாயும் அகலம்” என்று சொல்லித் தட்டுகளைத் திருப்பிக்கொண்டு போனாள். ஊர்வலத்தின் பின்னால் வந்திருந்த பையன் திருப்பம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான், அவ்வளவுதான் அவனால் முடிந்தது. சுலைஹா அன்று ராத்திரி கட்டிலைப் பழைய இடத்தில் போட்டு, பட்டைக் கழற்றாமல் அதில் படுத்து, விடியும்வரை விசும்பினாள்.

ஊர் இதையும் செரித்தது. பேசாமல் விட்டால் சுவர் மறுபடி கிளம்பிவிடுகிறது என்று சீக்கிரமே தெரிந்துபோனதால், தினமும் காலையில் மூன்றாம் வாசலும் நான்காம் வாசலும் திறக்கும், சாச்சியும் சுலைஹாவும் தெருவில் நின்று ஒரு பாட்டம் பேசித் தீர்ப்பார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுத்தான் மணி சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாம் வீடும் ஆறாம் வீடும் கூடச் சாக்கடைத் தண்ணீர் பற்றி வெளியே வந்து பேச ஆரம்பித்தன. லெப்பை முதல் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார், ஆனால் உள்ளே நாற்காலி ஜன்னலோரமாகத்தான் கிடந்தது.

மறு கார்த்திகை மழையில் முத்துநாச்சியாவுக்கு டைபாய்டு வந்தது. படுத்த படுக்கை, பேச்சே இல்லை. அந்த வாரம் நான்காம் வீட்டில் காலையில் கூடம் பெருக்கிய சுலைஹா, சுவரடியில் சிவப்பாக ஒரு கோட்டைப் பார்த்தாள். மறுநாள் அது ஒரு கையகலம் ஆகியிருந்தது. முத்துநாச்சியா வீட்டுத் தூண் ஒன்று பாதி இந்தப் பக்கம் தெரிந்தது. அதே வாரம் தரகர் வந்து, பழசை எல்லாம் பொருட்படுத்தாத நல்ல குடும்பம் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு வீடு மட்டும் கொஞ்சம் விசாலமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தம்மாள் சிவப்பைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். “நாம கேக்கலையே புள்ளே” என்றாள் மெதுவாக. “அதுவாத்தானே தருது.”

 சுலைஹா அன்று முழுவதும் அந்தச் சிவப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அதில் கால் வைக்காமல். இருபத்திமூன்று வயது, ஒரு கல்யாணம் தட்டிப்போனவள், ஊர் வாயில் விழுந்தவள், இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும், யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். மறுநாள் காலையில் சிவப்பு முற்றத்து விளிம்பைத் தொட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முத்துநாச்சியாவின் இரண்டு பெண்களும் கட்டிலை இழுத்துத் தள்ளிப் போடுகிற சத்தம் கேட்டது.

சுலைஹா முன்வாசலைத் திறந்துகொண்டு மழைக்குள் இறங்கினாள். மூன்றாம் வாசல் முன்னால் நின்று கதவைக் கையால் அறைந்தாள்.

“சாச்சீ! வெளிய வாங்க! உங்க வூடு போகுது, வந்து கேளுங்க!”

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து உம்மாவை வாசல்படியில் உட்கார்த்தி வைத்தார்கள். முத்துநாச்சியா எலும்பாக இருந்தாள். உதடு வெடித்திருந்தது. தன்முன்னால் நனைந்துகொண்டு நிற்கிறவளை நெடுநேரம் பார்த்தாள், எதற்காக வந்திருக்கிறாள் என்பது மெல்லத்தான் அவளுக்குப் புரிந்தது, புரிந்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு வாயைத் திறந்தாள்.

“என் வூட்டக் குடுடி” என்றாள். காற்றுதான் வந்தது.

சுலைஹா மழையில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சத்தமா சொல்லுங்க சாச்சி” என்றாள், “செவுத்துக்குக் கேக்கல.”